ஆயிரம் வருஷத்து மணியும் ஒரு முட்டுக்கல்லும்

அத்தியாயம் 9

என் மாமியார் ஒரு துப்பறிபவர். இதைச் சொன்னவுடன், எந்த மாமியார்தான் துப்பறியவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் மாமியார் அதற்குச் சம்பளம் வாங்குகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் பொய் சொல்லிப் பணம் கறப்பவர்களைப் பிடிப்பது அவர் வேலை. கார் ஓட்டுவது, பெட்டி தூக்குவது, பேச்சு வாங்குவது எல்லாம் என் வேலை. எனக்கென்றும் ஓர் உத்தியோகம் இருந்தது. அது போன மறுநாளே, "வீட்ல சும்மாதானே இருக்கீங்க மாப்பிள்ளை" என்று அத்தை என்னைச் சேர்த்துக்கொண்டார். மாப்பிள்ளைக்குத் தரவேண்டிய மரியாதையில் அவர் இன்றுவரை ஓர் எழுத்துக்கூடக் குறைத்ததில்லை. திட்டுவதையும் "ங்க" போட்டுத்தான் திட்டுவார்.

அன்று காலை மலையடிவாரத்து லாட்ஜில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கதவைத் தட்டினார். லாக்கப்பில் இருக்கும் ஜீப் டிரைவரின் மனைவி. அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்தப் பெண் உட்காரவில்லை.

"இன்னைக்குச் சாயங்காலம் அவரை ஜெயிலுக்கு அனுப்பறாங்களாம். நீங்க ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டா எல்லாம் முடிஞ்சிடும்னு இன்ஸ்பெக்டர் சொன்னாரு."

"நான் இன்னும் போடலைம்மா."

"அன்னைக்கு அவர் வண்டியே எடுக்கலைங்க. முதலாளி காலையில வீட்டுக்கு வந்தாரு. நீ இன்னைக்கு ரெஸ்ட் எடுத்துக்கோ, நானே ஓட்டிக்கிறேன்னு சாவியை வாங்கிட்டுப் போனாரு. இவரு போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கினாரு. அந்தக் குறட்டைக்கு நான் எழுந்து வாசல்ல போய் உட்கார்ந்தேன்."

"இதைப் போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். பொண்டாட்டி சாட்சி செல்லாதுன்னுட்டாங்க."

"புருஷனுக்கு எதிரா சொல்லியிருந்தா நல்லாவே செல்லுபடியாகியிருக்கும்" என்றேன் நான், வாய் நிறைய நுரையோடு.

"முதல்ல வாயைக் கழுவிட்டு வாங்க மாப்பிள்ளை" என்றார் அத்தை, என் பக்கம் திரும்பாமலே.

நான் திரும்பி வந்தபோது அந்தப் பெண் கிளம்பிக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் போய் உட்காரப் போவதாகச் சொன்னார். அந்த பெஞ்சை எனக்குத் தெரியும். சாய்மானத்தில் நன்கொடையாளர் பெயர் கொட்டை எழுத்தில் பொறித்திருக்கும். நன்கொடையாளர் வேறு யாருமில்லை, டிரைவர்மேல் புகார் கொடுத்த அதே முதலாளிதான்.

இந்த முதலாளிக்கு ஊரில் சரித்திரம் என்று பெயர். முன்னொரு காலத்தில் உப்பும் கம்பளியும் பட்டும் கோவேறு கழுதைகளின் முதுகில் இந்த மலையைத் தாண்டிப் போனதாம். அந்த வழிமேல் இப்போது தார் ரோடு போட்டிருக்கிறார்கள். சரித்திரம் அதில் ஜீப் விட்டு, 'பழைய வணிகப் பாதையில் ஒரு பயணம்' என்று டூரிஸ்ட்டுகளை ஏற்றி இறக்குகிறார். அவருடைய மூலதனம் ஒரு வெண்கல மணி. ஆயிரம் வருஷத்துக்கு முன் இந்தப் பாதையில் போன முதல் கழுதையின் கழுத்தில் கிடந்ததாம். கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பெரிய தொகைக்கு இன்ஷூர் செய்திருந்தார். மணியின் வயசுக்குச் சான்றிதழ் கொடுத்தவர் ஒரு டாக்டர். விசாரித்ததில் அவர் சரித்திரத்தின் சகலை என்றும், கால்நடை டாக்டர் என்றும் தெரிந்தது.

"கழுதை கழுத்துல கெடந்த மணிதானே அத்தை, அவருக்குத் தெரியாதா?" என்று நான் கேட்டேன். அந்தக் கேஸில் அத்தை முதல்முறை சிரித்தது அப்போதுதான்.

போன வாரம் அந்த மணி களவு போய்விட்டது. சரித்திரம் சொன்ன கதை இது. மலை உச்சியில் சீசன் தொடங்குவதற்கு முன் மணியை அங்கே எடுத்துப் போய்ப் படம் பிடிக்க, டிரைவரோடு ஜீப்பில் ஏறினார். பாதி வழியில் ஒரு வளைவில், இன்ஜின் சூடாகிவிட்டது என்று டிரைவர் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தான். சரித்திரம் இறங்கி வண்டியையும் மலையையும் ஒரு படம் எடுத்தார். அப்புறம் வளைவின் ஓரத்துக்குப் போய்ப் பள்ளத்தாக்கை ரசித்தார். திரும்பினால் டிரைவரும் இல்லை, மணியும் இல்லை. அந்த வளைவிலிருந்து பழைய கழுதைப் பாதை நேராக ஊருக்குள் இறங்குகிறது. ரோடு சுற்றிச் சுற்றி இறங்குவதற்குள் ஓடி இறங்கிவிடலாம். போலீஸ் போனபோது டிரைவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். மணியை எங்கோ ஒளித்துவிட்டு வந்து தூங்குவதுபோல் நடித்தான் என்றார் சரித்திரம். இன்ஸ்பெக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். பெஞ்ச் கொடுத்தவர் பொய் சொல்வாரா?

"ரோட்டை ஒருதடவை பார்த்துட்டு வந்துடலாம் மாப்பிள்ளை" என்றார் அத்தை. "ஒருத்தன் தூங்கினதை நிரூபிக்கிறது ரொம்பக் கஷ்டம். முழிச்சிருந்தவன் என்ன பண்ணினான்னு பார்ப்போம்."

*

அத்தையின் கார் என் கல்யாணத்துக்கு முந்தியது. அதில் ஹாரனைத் தவிர எல்லாம் சத்தம் போடும். கிளம்பும்போதே எச்சரித்தார். "ஹேண்ட்பிரேக் உங்கப்பா கொடுத்த வாக்கு மாதிரி மாப்பிள்ளை. நம்பி விட்டுடாதீங்க."

என் அப்பா என்ன வாக்குக் கொடுத்து என்ன தவறினார் என்று கேட்டால் கல்யாணப் பந்தலிலிருந்து ஆரம்பிப்பார். நான் கியரைப் போட்டேன்.

அழகான பாதை என்று ஒப்புக்கொள்கிறேன். ஏற ஏற மரங்கள் குட்டையாகிக் காணாமல் போயின. வெறும் பாறை, அதற்கு மேல் பனி, அதற்கு மேல் கண் கூசும் நீலம். கீழே நதி ஒரு நூலளவுக்கு இளைத்துக் கிடந்தது. நாங்கள் விட்டுவந்த மேகம் இப்போது எங்களுக்குக் கீழே இருந்தது. எதிரே லாரி வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் நானாகவே இருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் சரித்திரம் ஒரு போர்டு நட்டிருந்தார். 'இவ்விடத்தில் ஒரு வணிகர் இளைப்பாறினார்.' அடுத்த வளைவில், 'இவ்விடத்தில் ஒரு கோவேறு கழுதை நீர் அருந்தியது.'

"கழுதை தண்ணி குடிச்சதை யார் அத்தை பார்த்தா?"

"பக்கத்துல நின்ன இன்னொரு கழுதை சொல்லியிருக்கும்" என்றார் அத்தை. "ரோட்டைப் பாருங்க."

களவு நடந்த வளைவுக்கு வந்தோம். அங்கே நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. சாலையோரம் இரும்புச் சட்டத்தில் ஆள் உயரத்துக்குமேல் ஒரு புத்தம்புது பேனர். 'ஆயிரம் ஆண்டுச் சரித்திரம் களவு போன இடம்! இங்கே படம் எடுத்துக்கொள்ளுங்கள்!' என்று எழுதியிருந்தது. அடியில் ஜீப் வாடகைக்கு போன் நம்பர். அன்று சரித்திரம் எடுத்த அதே போட்டோவைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். அந்தக் காலையில்தான் கட்டியிருக்க வேண்டும், வெட்டிய கயிற்றுத் துண்டுகள் கீழே கிடந்தன.

"பறிகொடுத்தவன் அழுவான். இவர் டிக்கெட் போடறார்" என்றேன்.

"வண்டியை நிறுத்துங்க."

பேனருக்குச் சற்று மேலே, மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தினேன். மலையில் வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுக்க வேண்டும். இந்தப் பாதையில் அது எழுதாத சட்டம். கிளம்பும்போது கல்லை ரோட்டை விட்டுத் தள்ளிவிட வேண்டும் என்பது அதைவிடப் பெரிய சட்டம், பின்னால் வருபவன் உயிர் அதில் இருக்கிறது. எனக்கும் எல்லாம் தெரியும். இறங்கி நல்ல கல்லாக ஒன்றைப் பொறுக்கி, முன்சக்கரத்துக்கு முன்னால் பொருத்தமாக வைத்து, காலால் ஓர் உதையும் உதைத்தேன். டிரைவர்கள் அப்படித்தான் உதைப்பார்கள். பார்க்க மிக நேர்த்தியாக இருந்தது.

வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது.

உள்ளே பின் சீட்டில் அத்தை உட்கார்ந்திருந்தார். அவர் கத்தவில்லை. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே போனார். நான் கூடவே ஓடினேன், பானெட்டைப் பிடித்து இழுத்தேன். அந்த உயரத்தில் நாலடி ஓடினாலே நெஞ்சு அடைக்கும், நான் காரை வேறு இழுத்தேன். நல்ல காலம், பின் பம்பர் பேனரின் இரும்புக் காலில் இடித்து வண்டி நின்றது. பேனர் முன்னால் சாய்ந்து காரின்மேல் கவிழ்ந்தது. அத்தை கதவைத் திறந்து, பேனரை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். அதே நிலையில் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அத்தை, அடி ஏதும்…"

"கல்லை எங்க வெச்சீங்க மாப்பிள்ளை?"

"முன்சக்கரத்துக்கு முன்னால."

"வண்டி எந்தப் பக்கம் போச்சு?"

"பின்பக்கம்." சொல்லும்போதே எனக்கு உறைத்தது. மேட்டைப் பார்த்து நிற்கும் வண்டி பின்னால்தான் உருளும். முன்னால் கல் வைப்பது, வீட்டுக்குப் பின்வாசல் வழியாகத் திருடன் வருகிறான் என்று தெரிந்தும் முன்வாசலைப் பூட்டுவதற்குச் சமம்.

"இந்தப் படத்துல பாருங்க. ஜீப் எப்படி நிக்குது?"

"மேட்டைப் பார்த்து."

"கல்?"

பார்த்தேன். ஜீப்பின் முன்சக்கரத்துக்கு முன்னால், என் கல்லைப் போலவே பொருத்தமாக ஒரு கல். பின்சக்கரத்துக்குப் பின்னால் வெறும் ரோடு.

"அவரோட ஜீப் புதுசு, ஹேண்ட்பிரேக் பிடிச்சிருக்கு. அதனால உருளலை" என்றார் அத்தை. "வருஷம் பூரா இந்த மேட்டுல வண்டி நிறுத்தற டிரைவர் அந்தக் கல்லை வெச்சிருப்பான்னு நினைக்கிறீங்களா? இது டிரைவர் கல் வைக்கிறதைப் பார்த்திருக்கிற ஆள் வெச்ச கல். பார்த்தார், ஆனா எதுக்குன்னு கேட்கலை. அன்னைக்கு இந்த வளைவுல டிரைவரே இல்லை."

"அப்ப நான்தான் கேஸைக் கண்டுபிடிச்சேன்."

"ஆமாங்க. என்னைக் கொல்லப் பார்த்துக் கண்டுபிடிச்சீங்க. என் பொண்ணுகிட்ட சொல்றேன்."

நான் அவசரமாகக் கல்லை எடுத்துப் பின்னால் வைத்தேன்.

"இது மட்டும் போதாது" என்றார் அத்தை. "டிரைவர் அன்னைக்கு அசட்டையா வெச்சான்னு ஒரே வார்த்தையில சொல்லிடுவார். மணி வேணும். யோசிங்க மாப்பிள்ளை. அந்த மனுஷன் வாசல்ல இருந்து ஆபீஸ் ரூமுக்குள்ள போகவே மூச்சு வாங்கறார். மணி ஒரு கைக்குழந்தை கனம். அவரால அதைத் தூக்கிட்டு எவ்வளவு தூரம் நடக்க முடியும்?"

"ஜீப் நிக்கிற இடத்துல இருந்து பத்தடி."

"இந்த ரோட்டுல ஜீப் நிக்கிற இடத்துல இருந்து பத்தடியில, அவர் சாவி போட்டுத் திறக்கிற கதவு எது?"

இரண்டு பேரும் மேலே பார்த்தோம். கணவாயின் உச்சியில், பனிக்குக் கீழே, சிவப்புத் தகரக் கூரை ஒன்று தெரிந்தது. சரித்திரத்தின் நினைவுப் பொருள் கடை.

*

கடைக்குள் நுழைந்ததும் நான் கண்டது மணிகள். உத்திரத்தில் வரிசை வரிசையாக, கொக்கிக்கு ஒன்றாக, அச்சு அசலாக அதே மணி. பச்சைப் பாசி படிந்த நிறம், ஓரத்தில் ஒரு நசுங்கல், எல்லாவற்றிலும் ஒரே இடத்தில். 'ஆயிரம் ஆண்டு மணியின் அழகிய நகல்' என்று அட்டை தொங்கியது. இந்தப் பக்கம் சோப்பு, சாவிக்கொத்து. கல்லாவில் கம்பளித் தொப்பி போட்ட விற்பனைப் பெண் ஒருத்தி இருந்தாள்.

"எது வேணும்னாலும் எடுத்துக்குங்க. அந்தக் கடைசிக் கொக்கியில இருக்கிறதை மட்டும் தொடாதீங்க. யாரோ சொல்லி வெச்சிருக்காங்கன்னு முதலாளி சொன்னாரு."

"எப்பச் சொன்னாரும்மா?" என்றார் அத்தை, சாவிக்கொத்தைப் புரட்டிக்கொண்டே.

"நான் சீசனுக்கு வந்து கடையைத் திறந்த அன்னைக்கு. அதுக்கு ரெண்டு நாள் முந்திதான் அசல் மணி களவு போச்சு. பாவம், அவருக்கு மனசே சரியில்லை. நாளைக்கு யாரோ பெரிய ஆராய்ச்சிக்காரங்க அந்த மணியைப் பரிசோதிக்க வராங்க. அசலைக் காட்ட முடியலையேன்னு சொல்லிட்டு, தின்னுட்டிருந்த பன்னைப் பாதியில வெச்சுட்டு எழுந்து போயிட்டாரு."

அத்தையும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை நாள் கண்ணாடிக்குள் இருந்த மணியை முதல்முறையாக விஷயம் தெரிந்த ஒருவர் கையில் எடுத்துப் பார்க்கப்போகிறார். அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால் மணி காணாமல் போகிறது.

"சீசனுக்கு முந்தி கடை சாவி யார்கிட்ட இருக்கும்?"

"முதலாளிகிட்ட மட்டும்தான். இடுப்புலயே வெச்சிருப்பாரு."

அத்தை ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் கடைசிக் கொக்கியின் மணியைக் கவிழ்த்து உள்ளே பார்த்தார். பிறகு பக்கத்து மணி. அதற்குப் பக்கத்து மணி. இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் ஒரு குஷி தெரிந்தது. என் அப்பாவைப் பற்றிப் புதிதாக ஏதாவது தெரியவரும்போது மட்டும் வரும் குஷி அது.

"மாப்பிள்ளை, கல்யாண நாளுக்கு என் பொண்ணுக்கு என்ன வாங்கினீங்க?"

"அது முடிஞ்சு மூணு மாசம் ஆச்சே அத்தை."

"அதனாலதான் கேட்கறேன். ஒரு மணி வாங்குங்க. பில் போட்டு வாங்குங்க."

வாங்கினேன். விலையைக் கேட்டதும் எனக்கு மறுபடி மூச்சு முட்டியது. மணியைக் கல்லாவிலேயே விட்டுவிட்டு வெளியே வந்து மதில்மேல் உட்கார்ந்து, பனியையும் பள்ளத்தாக்கையும் பார்த்தபடி நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தேன். உள்ளே அத்தை கடையின் போனில் இன்ஸ்பெக்டரிடம் பேசுவது கேட்டது. "உங்களுக்குக் கையெழுத்துதானே சார் வேணும்? போடறேன். அந்த வளைவுக்கு அவரையும் கூட்டிட்டு வாங்க, டிரைவரையும் கூட்டிட்டு வாங்க. அப்படியே மேல கடைக்கு ஒரு கான்ஸ்டபிளை அனுப்பி வையுங்க." கொஞ்ச நேரத்தில், துணியில் சுற்றிய ஒரு மூட்டையோடு வெளியே வந்து டிக்கியில் வைத்தார்.

"அசல் மணியா அத்தை?"

"ஓட்டுங்க மாப்பிள்ளை. இறக்கத்துல கல்லை முன்னால வைக்கணும், ஞாபகம் வெச்சுக்குங்க."

*

வளைவில் எல்லோரும் வந்துவிட்டார்கள். சரித்திரம் தன் ஜீப்பைத் தானே ஓட்டிவந்து மேட்டைப் பார்க்க நிறுத்தியிருந்தார். சாய்ந்த பேனரை நிமிர்த்திவைக்கச் சொல்லி அதற்கு முன்னால் நின்றார். போலீஸ் ஜீப் கீழே நின்றது, உள்ளே கை விலங்கோடு டிரைவர். இன்ஸ்பெக்டர் சரித்திரத்தின் ஜீப்புக்குப் பின்னால் நின்று கையெழுத்து வாங்கப் பேனாவோடு காத்திருந்தார்.

"கம்பெனிக்கு ஒரு படம் வேணும் சார்" என்றார் அத்தை, சரித்திரத்திடம். "அன்னைக்கு டிரைவர் எப்படிக் கல் வெச்சான்னு அப்படியே செஞ்சு காட்டினீங்கன்னா, மாப்பிள்ளை எடுத்துக்குவார்."

படம் என்ற சொல்லுக்கு அந்த மனுஷன் எதையும் செய்வார். குனிந்து ஒரு கல்லை எடுத்தார், மூச்சு வாங்க முன்சக்கரத்துக்கு முன்னால் வைத்தார், அதன்மேல் ஒரு காலை வைத்து நெஞ்சை நிமிர்த்தினார்.

"இதே இடத்துலதான் வெச்சானா?"

"என் கண்ணால பார்த்தேம்மா. இதோ, பேனர்லயே இருக்கே. எங்க பரம்பரையே இந்தப் பாதையில வணிகம் பண்ணின பரம்பரை. இந்த மலையில எனக்குத் தெரியாதது எதுவும் கிடையாது."

நான் படம் எடுத்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக யாரையும் படம் எடுத்ததில்லை.

"டிரைவரை இறக்குங்க சார்" என்றார் அத்தை.

டிரைவர் இறங்கினார். தாடி வளர்ந்து, தூக்கம் கெட்ட முகம். யாரையும் பார்க்கவில்லை, யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. ஜீப்பைப் பார்த்தார். முன்சக்கரத்தைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு என்னவோ முணுமுணுத்தார், நல்ல வார்த்தையாக இருக்க முடியாது. பிறகு விறுவிறுவென்று நடந்து போய், கல்லைக் காலால் இழுத்து, உருட்டிக்கொண்டே பின்பக்கம் போய், பின்சக்கரத்துக்குப் பின்னால் சேர்த்துவைத்து, குதிகாலால் ஒரு மிதி மிதித்தார்.

"டேய், யாரைக் கேட்டுடா அதைத் தொட்டே?" என்று அதட்டினார் இன்ஸ்பெக்டர்.

"உருண்டுச்சுன்னா நீங்க நிக்கிற எடத்துக்குத்தான் சார் வரும்" என்றார் டிரைவர்.

இன்ஸ்பெக்டர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. சட்டென்று இந்தப் பக்கம் வந்துவிட்டார். வந்தவர் பேனரைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மறுபடி பேனரைப் பார்த்தார். போலீஸ் ஜீப்பை ஓட்டிவந்த கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

"அவன்… அவன் அன்னைக்குக் குடிச்சிருந்தான்" என்றார் சரித்திரம். "நிதானம் இல்லாம வெச்சிருப்பான்."

"இருக்கலாம்" என்றார் அத்தை, மிக இதமாக. "கல்லை விடுங்க. உங்களுக்கு ஒரு நல்ல சேதி. மணி கிடைச்சிடுச்சு."

மணி கிடைத்தது என்றால் பறிகொடுத்தவனுக்கு முகம் மலரும். இந்த முகம் வெளுத்தது. அப்புறம்தான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நினைவு வந்திருக்க வேண்டும். நான் மூட்டையைப் பிரிப்பதற்குள் பாய்ந்து வந்து மணியைக் கட்டிக்கொண்டார். கண்ணில் நீர் வேறு.

"இதுதான். என் பாட்டன் முப்பாட்டன் தொட்ட மணி. இந்த நசுங்கலைப் பாருங்க, இந்தப் பச்சையைப் பாருங்க. ஆயிரம் வருஷம்."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க சார். நகலா இருந்துடப் போகுது."

"என்னம்மா பேசறீங்க? பெத்த பிள்ளையை எனக்குத் தெரியாதா? ஆயிரம் நகலுக்கு நடுவுல போட்டாலும் கண்ணை மூடிட்டு எடுப்பேன்."

"எழுதிக்கிட்டீங்களா இன்ஸ்பெக்டர்? மாப்பிள்ளை, அதைக் கொஞ்சம் கவுத்துப் பிடிங்க."

கவிழ்த்தேன். உள்ளே வெள்ளையாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதில் இருந்த விலை எனக்கு மனப்பாடம். ஒரு மணி நேரம் முந்திதான் அந்த விலைக்கு நான் செத்துப் பிழைத்திருந்தேன்.

"அத்தை, இது நான் வாங்கினது."

"ஆமாங்க. எங்க மாப்பிள்ளை என் பொண்ணுக்கு வாங்கின பரிசு, பில் இருக்கு" என்றார் அத்தை இன்ஸ்பெக்டரிடம். "சாரோட பிள்ளை இன்னும் மேல கடையில, சோப்புக்குப் பக்கத்துல கடைசிக் கொக்கியிலதான் தொங்குது. அதைக் கவுத்துப் பார்த்தேன், அதுல மட்டும் விலை ஸ்டிக்கர் இல்லை. நாக்கை ஒரு நட்டும் போல்ட்டும் போட்டு மாட்டியிருக்கு, தலையில மெஷின்ல அடிச்ச நம்பரோட. இதோ, இதுலயும் அதே நட்டு. எல்லாத்துலயும் அதே நட்டுதான். ஆயிரம் வருஷத்துக்கு முந்தி கழுதைக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்சிருக்கு."

"இவங்கப்பா கீழ குழாய்க் கடைதான் வெச்சிருந்தாரு" என்றார் டிரைவர், யாரும் கேட்காமலே. "எப்பேர்ப்பட்ட வணிகப் பரம்பரை."

"இவன்தான்! இவன்தான் கொண்டுபோய் என் கடையில மாட்டியிருக்கான்" என்று அலறினார் சரித்திரம்.

"கடை சாவி எங்க இருக்கு?" கேட்டது அத்தை இல்லை, இன்ஸ்பெக்டர்.

சரித்திரத்தின் கை தானாக இடுப்புக்குப் போனது. போன கையை என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே வைத்துக்கொண்டார்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார், நான் ரிப்போர்ட்டை முடிச்சுடறேன்" என்றார் அத்தை. "கடையில தொங்கறது அசல்னா, உங்க பூட்டுக்குள்ள உங்க மணி பத்திரமா இருக்கு. களவே போகலை, ஒரு வாரமா ஒரு மனுஷனைச் சும்மா உள்ள வெச்சிருக்கீங்க. போலின்னா, போலியைக் காட்டி எங்க கம்பெனியை ஏமாத்தியிருக்கீங்க, அந்த ஆராய்ச்சிக்காரங்க நாளைக்கு வந்து பார்த்துடுவாங்கன்னுதான் காணாமப் போகவெச்சீங்க. எதுன்னு எழுதட்டும்?"

சரித்திரம் தன் பேனரின் நிழலில், தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த உயரத்தில் காற்று குறைவு, பொய் சொல்ல அது போதவில்லை.

இன்ஸ்பெக்டர் டிரைவரின் விலங்கைக் கழற்றினார். மன்னிப்புக் கேட்கவில்லை. சாவித் துவாரத்தில் சாவி சிக்கியதாக நடித்து நேரம் கடத்தினார். டிரைவர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே எங்கள் காரைப் பார்த்தார். மூக்கு கீழ்நோக்கி, முன்சக்கரம் ஒரு குழியில் இறங்கி நின்ற கார். நான் பதற்றத்தில் கல்லைப் பின்சக்கரத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

"இதை யார் வெச்சது?"

நான் மணியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"எங்க மாப்பிள்ளை" என்றார் அத்தை. "அவர் தப்பா வெச்சதாலதான் தம்பி, நீங்க வெளியில நிக்கிறீங்க."

டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நன்றி சொல்வார் என்று நான் தலையைக்கூடச் சற்றுத் தாழ்த்தினேன். அவர் அந்தக் கல்லைக் காலால் ஓரத்துக்கு உருட்டிப் பள்ளத்தில் தள்ளினார். பிறகு என் முன்னால் கையை நீட்டினார்.

"சாவியைக் கொடுங்க. நான் வீட்டுக்கு உயிரோட போகணும்."

அத்தை முன்சீட்டில் ஏறிக்கொண்டார். நான் மணியை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் கழுதை நீர் அருந்திய இடமும் வணிகர் இளைப்பாறிய இடமும் கடந்தன. டிரைவர் ஒன்றையும் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தார்.

ஸ்டேஷன் வாசலில் வெயில் சாய்ந்திருந்தது. டிரைவரின் மனைவி காலையில் சொன்ன அதே பெஞ்சில் இருந்தார். கணவர் கார் ஓட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து எழுந்தார். அழுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார். பிறகு, பின்னால் வந்து நின்ற போலீஸ் ஜீப்பிலிருந்து இறங்கிய இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

"தூங்கினாருன்னு அன்னைக்கே சொன்னேன்ல சார்?"

இன்ஸ்பெக்டர் பெஞ்சில் பொறித்திருந்த பெயரைப் பார்த்தபடி நின்றார்.